மாப்பிள்ளைக் கார்

என் வீட்டுக்காரர் அஸ்கருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று காத்தான்குடியில் என்னைக் கேலி பண்ணுவார்கள். மூத்தவள் நான் பெற்ற ஸுஹைனா. இளையவள் ஜெர்மனியில் பிறந்தவள். கறுப்பு நிறம், நீண்ட உடம்பு, டீசல் குடிப்பவள். இளையவளுக்கு ஏதும் பழுதென்றால் அஸ்கருக்குச் சோறு இறங்காது. மூத்தவளுக்கு மூச்சு இழுத்தால், "ஜன்னலத் திறந்து விடு ஸஹீதா, காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விடுவார். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவர் கொழும்பில் ஒரு கம்பனி முதலாளிக்கு டிரைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் டீசல் மலிவு. பணக்காரர்கள் எல்லோரும் ஜெர்மன் காரை டீசலில்தான் எடுப்பார்கள். முதலாளி புதுக் கார் எடுத்தபோது பழையதை இவருக்குக் குறைத்துக் கொடுத்தார். அதை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்த அன்று, பள்ளிவாசலுக்கு முன்னால் இவர் இறங்கிய இறக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கூட அப்படி இறங்கமாட்டார்.

எங்கள் ஊரில் கலியாணம் முடிந்து பெண் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வந்து அங்கேயே இருப்பான். அவனைக் கூட்டி வருவதற்கு ஒரு கார் வேண்டும். அஸ்கரின் கார் அதற்கென்றே செய்த மாதிரி அமைந்துவிட்டது. முன்னால் றபான் மேளம் அடிப்பார்கள், பின்னால் சனம் நடக்கும், நடுவில் இவர் காரை உருட்டிக்கொண்டு வருவார். அந்த எஞ்சின் உறுமலைக் கேட்டால்தான் பெண் வீட்டில் குரவை போடுகிற பெண்கள் எழும்புவார்கள். எத்தனை மாப்பிள்ளைகளை இவர் கொண்டுவந்து இறக்கியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. அவர்களில் சிலருடைய பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பிறகு எண்ணெய் இல்லாத வருஷம் வந்தது. பெற்றோல் செட்டில் காரை வரிசையில் விட்டுவிட்டு இவர் அதற்குள்ளேயே படுத்தெழும்பினார். அது முடிந்தபோது டீசல் மலிவாக இருக்கவில்லை. வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்ததும் ஊருக்குள் வேறு கார்கள் வந்து இறங்கின. ஜப்பான் ஹைபிரிட், சீனத்துக் கரண்ட் கார். சத்தமே இல்லை. பின்னால் வந்து நின்றால் நமக்குத் தெரியாது. ஹோர்ன் அடித்தால் நாம்தான் துள்ளிக் குதிக்க வேண்டும். உள்ளுக்குள் நீலமும் ஊதாவுமாய் வெளிச்சம். வீடியோக்காரப் பொடியன்மாருக்கு அதுதான் பிடித்தது. "நானா, உங்கட எஞ்சின் சத்தத்துல றபான் சத்தம் றெக்கோர்ட் ஆகுதில்ல" என்று, அண்ணன் என்கிற மரியாதையோடேயே, இவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். மனுஷன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

ஒருநாள் போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். ஜெர்மன்காரனே டீசல் கார் செய்வதைக் குறைத்துக்கொண்டு வருகிறானாம். வெள்ளைக்காரப் பட்டணங்களில் பழைய டீசல் காரை உள்ளே விடமாட்டார்களாம்.

"பெத்தவனே புள்ளைய வேணாமெண்டுறான் ஸஹீதா."

"அவனுக்கு மூக்கு இரிக்கி. உங்களுக்கும் இரிக்கி. மோந்து பாருங்க" என்றேன்.

எனக்கு வாய் நீளம்தான். ஆனால் என் வாய்க்குக் காரணம் இருந்தது. எங்கள் வளவு சின்னது. காத்தான்குடியில் யாருடைய வளவுதான் பெரிது? மதிலோடு மதில், கூரையோடு கூரை. கார் நிற்கிற போர்ட்டிகோவுக்கும் ஸுஹைனாவின் அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். ஸுஹைனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். குளிர் காற்றுக்கு இழுக்கும், தூசிக்கு இழுக்கும், புகைக்குச் சொல்லவே வேண்டாம். நெஞ்சு விசில் அடிக்கும். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கும். மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்துவிட்டு, கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருப்பாள். பெற்றவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. இவரோ விடிந்ததும் காரை ஸ்டார்ட் பண்ணி, சூடேறட்டும் என்று விட்டுவிட்டு, பேப்பர் வாங்கப் போய்விடுவார்.

"உன்ட அடுப்புப் புகைக்குத்தான் இழுக்குது" என்பார்.

"என்ட வீட்டுல கேஸ் அடுப்பு எரியிற உங்களுக்குத் தெரியாதா?" என்பேன்.

"அப்ப பக்கத்து வீட்டுப் பூனை" என்பார்.

இப்படியே எங்கள் காலம் போனது. அந்தக் காரில் ஒரு நல்ல காரியமும் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். கரியை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற ஒரு பெட்டி அதன் சைலன்சரில் இருக்கிறது. பெட்டி நிரம்பினால் எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். அதைச் சுத்தமாக்க வழி ஒன்றுதான்: காரை நிற்காமல் வேகமாக ஓட்டவேண்டும். அந்தச் சூட்டில் கரி எரிந்து போகும். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு றபானுக்குப் பின்னால் நடை வேகத்தில் உருட்டினால் எங்கே எரியும்? ஜெர்மன்காரன் காத்தான்குடிக் கலியாணத்தைக் கண்டானா! அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இவர் என்னையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, செங்கலடியால் திரும்பி, கரடியனாறு தாண்டிப் பதுளை வீதியில் விட்டு அடிப்பார். இரண்டு பக்கமும் வட்டை. வயல் காற்றில் ஸுஹைனா கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுவாள். கார் பெட்டியைச் சுத்தம் செய்யும், பிள்ளை நெஞ்சைச் சுத்தம் செய்வாள், நான் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். டீசல் விலை ஏறியதும் அந்தப் பயணம் குறைந்தது. கலியாண ஹயர் இல்லாமல் போனதும் நின்றே போனது.

அப்போதுதான் ஸுஹைனாவுக்கு றிஷாட்டின் கலியாணப் பேச்சு வந்தது. நல்ல பிள்ளை. கூரையில் சோலார் தகடு பூட்டுகிற வேலை. எங்கள் வீட்டுக்கு நாலு ஒழுங்கை தள்ளி வீடு. அவனுடைய உம்மா றஸீனா கொஞ்சம் கறார். ஆனால் மகளைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போனது. எல்லாம் சரி. இந்த வீசிங்கைச் சொல்லுவதா, விடுவதா என்பதுதான் பிரச்சினை.

"சொல்லித்தான் ஆகோணும்" என்றேன்.

"சொன்னா கலியாணம் நிண்டிரும்" என்றார் அஸ்கர். "வருத்தக்காரப் பொண்ணெண்டு ஊரெல்லாம் கதைக்கும். பொறகு யாரு வருவான்? கட்டின பொறகு தன்னால தெரியவரும்."

"தெரியவந்தா?"

"அப்ப அவன் புருஷன். பார்த்துக்குவான்."

ஸுஹைனாவுக்குச் சொல்ல விருப்பம் என்று எனக்குத் தெரியும். வாப்பாவின் சொல்லுக்கு மேல் சொல் பேசிப் பழகாத பிள்ளை. பம்பைத் தலையணை உறைக்குள் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள்.

கலியாணப் பேச்சு முற்றாகும் நாளில் றஸீனா, "காருக்கு நீங்க யோசிக்க வேணாம். என்ட தம்பிர கரண்ட் கார் இரிக்கி, வெள்ளக் கலரு. மாப்புள அதுல வருவாரு" என்றாள். பெருமைக்குச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னாள். அஸ்கருக்கு முகம் செத்துப்போனது.

"மாப்புளயக் கூட்டி வாற பொண்ணுட ஆக்கள்ட கடம மச்சி" என்றார். "ஊருல உள்ள மாப்புளமாரையெல்லாம் நான் கொண்டு வந்திரிக்கன். என்ட மருமகன நான் கொண்டு வரக்கொள்ள வேற காரா?"

"பொண்ணுட வாப்பாவே டிரைவரா?" என்று றஸீனா சிரித்தாள்.

"அது என்ட நிய்யத்து" என்றார். அல்லாஹ்வை நினைத்து மனதில் வைத்த எண்ணம் என்று சொன்ன பிறகு யார் எதிர்க்கதை சொல்வது? எனக்கும் அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவர் மனதில் வைத்திருந்த காட்சி அது. மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கலியாணத்துக்குக் கிட்டக் கிட்டக் கார் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. மஞ்சள் லைட் எரிந்தது. அக்ஸிலேட்டரை மிதித்தால் கிழவன் மாதிரி முனகியது. ஓடாமலே நின்றதால் கரிப் பெட்டி அடைத்துவிட்டது. அஸ்கர் தனியாக அதைக் கரடியனாற்றுப் பக்கம் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். லைட் அணையவில்லை. புதுப் பெட்டி கொழும்பிலும் இல்லையாம். டீசலுக்கு இப்போது யார் சாமான் இறக்குகிறார்கள் என்று கடைக்காரன் கேட்டிருக்கிறான். பிறகு ஒருநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு புளியந்தீவுக்குப் போனவர், பின்னேரம் சிரித்துக்கொண்டு வந்தார்.

"பாய்ஞ்சு வாறாள் ஸஹீதா! புதுசு மாதிரி!"

நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். கலியாண வேலையில் கிடந்தவளுக்குக் காரைப் பற்றிக் கேட்க நேரம் ஏது?

கலியாணத்துக்கு முதல்நாள் கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணியை எடுக்கப் போனேன். மாப்பிள்ளை மிதித்து வர வாசலில் விரிக்கிற துணி. ஓரமெல்லாம் கறுப்பு. கையால் தட்டினால் போகாமல் மை மாதிரி இழுபட்டது. கொடிக்குக் கீழேதான் காரின் பின்பக்கம். போர்ட்டிகோச் சுவரைப் பார்த்தேன். புதுச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு தட்டு அளவுக்குக் கரி.

"என்ன செஞ்சீங்க இந்தக் காருக்கு?"

முதலில் மழுப்பினார். அந்தத் துணியை அவருடைய மூக்குக்கு முன்னால் பிடித்தபோது சொல்லிவிட்டார். புளியந்தீவில் மதுரன் என்ற பொடியனின் கராஜில் அந்தப் பெட்டியை அறுத்து, உள்ளே இருந்ததை எல்லாம் கோறி எடுத்துவிட்டு, வெறும் கூட்டைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"அந்தப் பொடியன் ஒண்டும் சொல்லல்லயா?"

"சொன்னான். 'நானா, வீட்டுக்குக் கிட்ட வெச்சு எஞ்சின ஓட விடாதீங்க, சின்னப் புள்ளையள் இருந்தாக் கவனம்' எண்டு சொன்னான். எங்கட வீட்டுல எங்க சின்னப் புள்ள?"

"எங்கட வீட்டுல யாரு இரிக்கி எண்டு உங்களுக்குத் தெரியாதா? உள்ளுக்குக் கெடக்கிற ஆரு?"

என் சத்தம் மதிலுக்கு அப்பால் போயிருக்கும். பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா எட்டிப் பார்த்தாள். அஸ்கர் என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது, பொய் இல்லை.

"ஒரே ஒரு நாள் ஸஹீதா. நாளைக்கு அவனக் கொண்டு வந்து இறக்கிற. அவ்வளவுதான். வித்திருவன், சத்தியமா வித்திருவன். கேட்டுக்கு வெளியில நிப்பாட்டி, எஞ்சின ஓஃப் பண்ணிருவன். அல்லாஹ்வுக்காக ஒண்டும் கதைக்காத."

நான் துணியைத் திரும்பத் துவைத்தேன். என்ன துவைத்தும் ஓரம் வெளுக்கவில்லை. வேறு துணி எடுத்து வைத்தேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. செய்தி வந்ததும் பெண்கள் குரவை போட்டார்கள். ஸுஹைனாவை அவளுடைய அறையில், ஜன்னலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தியிருந்தோம். பச்சையும் தங்க நூலுமாய் உடுப்பு, தலையில் முக்காடு. அறை முழுக்கப் பெண்கள், வேர்வை, அத்தர் மணம், பூ மணம். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான் மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இழுப்பு இருந்தது. பயத்தால் என்று நினைத்தேன். பம்பு என் இடுப்பில் செருகியிருந்தது. றஸீனா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலுக்கு மோதிரம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் றபான் கேட்டது. அதற்குப் பின்னால் அந்த உறுமலும் கேட்டது. "வாறாங்க, வாறாங்க!" என்று எல்லோரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒழுங்கையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறோம் என்று கிண்டிப் போட்டு, அன்றைய மழையில் முழங்கால் அளவு சேறு. மாப்பிள்ளையைச் சேற்றில் இறக்க முடியுமா? அஸ்கர் காரைத் திருப்பி, பின்பக்கமாகக் கேட்டுக்குள் விட்டு, போர்ட்டிகோவுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். பின்கதவு படிக்கு நேரே வந்துவிட்டது. அழகாகத்தான் கொண்டுவந்தார், எல்லோரும் கைதட்டினார்கள். புகை வருகிற குழாய் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

ஓஃப் பண்ணுவார் என்று பார்த்தேன். பண்ணவில்லை.

எங்கள் ஊர்க் கலியாணத்தில் மாப்பிள்ளை வந்தவுடன் இறங்கமாட்டான். மச்சினன் செம்பில் தண்ணீர் கொண்டுபோய், காரில் இருந்தபடியே மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவான். மோதிரம் சின்னது, பெரிதாய்த் தா என்று இவன் அடம்பிடிப்பான். றபான்காரர்கள் அதுவரைக்கும் பாடுவார்கள். எல்லாம் விளையாட்டுத்தான், ஆனால் நேரம் எடுக்கும். ஸுஹைனாவுக்குத் தம்பி இல்லாததால் என் தங்கை மகன் போய் நின்றான். அவனுக்கு அன்றைக்குத்தான் விளையாட்டு முற்றியிருந்தது. ஒரு காலைக் கழுவிவிட்டு, மற்றக் காலுக்கு வேறு மோதிரம் கேட்டான். சனம் சிரித்துச் சரிந்தது.

புகை மெல்ல மெல்ல ஜன்னலால் ஏறி உள்ளே வந்தது. அத்தர் மணத்தை அது தின்றுவிட்டது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். "என்னகா இது, டயர் எரிக்கிறாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். ஜன்னலைச் சாத்தப் போனேன். புதுப் பெயின்டில் ஒட்டிக்கொண்டு கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். இல்லை. வெளியே கையை நீட்டி, எஞ்சின் திறப்பைத் திருகி ஓஃப் பண்ணுகிற மாதிரி அஸ்கருக்குக் காட்டினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அவருடைய கை திறப்புக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. அவருடைய மனதில் என்ன ஓடியது என்று அவரோடு குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாதா? அந்தக் கார் சூட்டோடு நிறுத்தினால் சில நேரம் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. றஸீனாவின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, வீடியோக்காரன் பிடித்துக்கொண்டிருக்க, நாலு பேர் தள்ளி அதை வெளியே எடுக்க வேண்டிவரும். கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். முகத்தைச் சனத்தின் பக்கம் திருப்பிச் சிரித்தார்.

யா அல்லாஹ், அந்தச் சிரிப்பை நான் எப்படி மறப்பேன்!

திரும்பினால், ஸுஹைனா கதிரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். இருமவில்லை. மாமிக்கு முன்னால் இருமக்கூடாது என்று அடக்கியிருக்கிறாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நான் பம்பை எடுத்தேன். என் கையை அவள் தள்ளினாள். முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாப்பா சொன்னதை அந்த நேரத்திலும் காப்பாற்றப் பார்க்கிறாள், என் ஈரற்குலை!

"ஒளிச்சது போதும் புள்ள!" என்று கத்திக்கொண்டு முக்காட்டை விலக்கி, பம்பை வாயில் வைத்து அழுத்தினேன். ஒருமுறை, திரும்பவும் ஒருமுறை. மருந்து உள்ளே போகிற அளவுக்கு அவளுக்கு மூச்சு இருக்கவில்லை.

"இதென்ன? என்ன இது மச்சி?" றஸீனா எழும்பிவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கலியாண வீடென்றும் பார்க்காமல், அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நிப்பாட்டுங்க அத! புள்ளைக்கு மூச்சு வரல்ல! புள்ள மவுத்தாகப் போறாள்!"

றபான் நின்றது. எஞ்சினும் நின்றது. றிஷாட் ஒரு கால் ஈரமும் ஒரு கால் செருப்புமாகக் காரிலிருந்து பாய்ந்து உள்ளே வந்தான். யாரையும் கேட்கவில்லை, கதிரையிலிருந்து அவளை அப்படியே தூக்கினான்.

போர்ட்டிகோவில் அஸ்கர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "இஞ்ச, இஞ்ச ஏத்துங்க! ஆஸ்பத்திரிக்கு இப்ப போயிருவன்! மகனே, ஏத்துங்க!" மாப்பிள்ளைக்கென்று விரித்த வெள்ளைச் சீட்டும் மல்லிகைச் சரமுமாக அந்தக் கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

ஸுஹைனா கண்ணைத் திறந்தாள். றிஷாட்டின் சட்டைக் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் கார்க் கதவின் மேல் வைத்துத் தள்ளினாள்.

"இதுல... வேணாம் வாப்பா."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. றிஷாட் காருக்கும் மதிலுக்கும் நடுவில் கிடந்த இடுக்கால் அவளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டாக நுழைந்தான். அவளுடைய உடுப்பின் தங்க நூல் காரில் உரசி இழுபட்டது. சேற்றில் இறங்கி ஓடினான். நானும் றஸீனாவும் பின்னால் ஓடினோம். ஒழுங்கை முடிவில் ஓர் ஆட்டோ நின்றது, அதில் ஏறினோம். திரும்பிப் பார்த்தேன். அஸ்கர் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனாலும் போய்ச் சேருவதற்குள் நான் ஓதாத ஓதல் இல்லை. உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார்த்தி, மாஸ்க்கைப் பூட்டி, மருந்துப் புகையைக் கொடுத்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். சுலோஜனா என்று மண்டூர்ப் பக்கத்துத் தாதிப் பிள்ளை ஒன்று அவளுடைய முதுகைத் தாங்கிப் பிடித்தபடி, "மெல்ல, மெல்ல இழுங்க தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே நின்றது. நெடுநேரத்துக்குப் பிறகு ஸுஹைனாவின் உதட்டுக்கு நிறம் வந்தது. நெஞ்சில் விசில் கேட்கத் தொடங்கியது. விசில் கேட்டால் காற்று போகிறது என்று அர்த்தம். முதலில் அதுகூடக் கேட்கவில்லை என்று டொக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எத்தின வருஷமா இரிக்கி இது?" றஸீனா என்னைக் கேட்டாள்.

"சின்னதுல இருந்து."

"எங்களுக்கு ஏன் சொல்லல்ல? ஒளிச்சா வெச்சீங்க?"

"ஓம் மச்சி. ஒளிச்சம்."

"என்ட மகன்ட தலையில கட்டிட்டீங்களே" என்றாள். திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை, அழுகிற மாதிரிச் சொன்னாள். எனக்கு அதுதான் கூடச் சுட்டது. றிஷாட் "சும்மா இரிங்க உம்மா" என்றான். கட்டில் காலடியில் சேற்றுக் காலோடு நின்றான். அவனுடைய மனதில் என்ன இருக்கிறது என்று அவன் முகத்தைப் பார்த்து என்னால் பிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அப்போதுதான் அஸ்கர் வந்தார். நடந்து வந்திருந்தார்; காற்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு. கலியாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை, தொப்பி. வாசலுக்கு வந்து, மகள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், "யா றப்பே" என்று கையை ஏந்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். அவர் கிட்ட வர வர, ஸுஹைனா மாஸ்க்குக்குள் இருமத் தொடங்கினாள். தோள் திரும்பவும் ஏறியது.

சுலோஜனா கையை நீட்டி மறித்தாள். "நானா, நில்லுங்க. உங்கட உடுப்புல டீசல் புகை மணக்குது. பிள்ளைக்குத் திரும்பவும் இழுக்கும். வெளியில நில்லுங்க."

"நான் வாப்பா" என்றார் அவர்.

"விளங்குது நானா. கொஞ்சம் வெளியில நில்லுங்க."

பின்னால் போனார். வாசலுக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றி மணந்து பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். அவசரத்தில் ஒரு பொத்தான் பிய்ந்து தரையில் உருண்டது. சம்பந்திப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மருமகன் நிற்கிறான், வருகிற போகிற சனம் பார்க்கிறது. ஒன்றையும் அவர் கவனிக்கவில்லை. சட்டையைச் சுருட்டி, வெளியே கிடந்த மர வாங்கில் வைத்துவிட்டு, பனியனோடு வந்து நின்றார். றஸீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப வரலாமா மிஸ்?"

சுலோஜனாவுக்குப் பாவமாகிவிட்டது. "முடியிலயும் மணக்குது நானா" என்று மெல்லச் சொன்னாள்.

அவர் முற்றத்துப் பைப்படிக்குப் போனார். ஜன்னலால் எனக்குத் தெரிந்தது. குனிந்து தலையைப் பைப்புக்குக் கீழே பிடித்தார். சவர்க்காரம் இல்லை, வெறும் நகத்தால் தலையைப் பிறாண்டிப் பிறாண்டிக் கழுவினார். முகத்தை, கழுத்தை, கையை முழங்கை வரைக்கும் தேய்த்தார். அவருக்கென்று எவ்வளவு பேச்சை நான் சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கோபமா, இரக்கமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தண்ணீர் ஒழுக ஒழுகத் திரும்பி வந்தார். வாசல் படியைத் தாண்டவில்லை. தாதியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை.

"மகள், இப்ப?" என்றார்.

ஸுஹைனா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு முக்காட்டின் நுனியை எடுத்து, மாஸ்க்கின் மேலே வைத்து மூக்கை மூடிக்கொண்டாள்.